வெட்டுக்காரர்களோடு உட்கார்ந்து செய்த மாத்திரை ஆப்: இனி யார் காசு கொடுப்பார்கள்?

அருமனைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறது.

அப்பா 30 வருடமாக ரப்பர் பால்வெட்டு. எனக்குக் கணினியில் வேலை. ஒரு விடியற்காலையில் அப்பா வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் லைட் எரிகிறது, கையில் கத்தி, கை நடுங்குகிறது. அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த மாமா ஓடிவந்து, மடியில் வைத்திருந்த மிட்டாயை வாயில் திணித்ததால் தப்பினோம். காரணம் பிறகுதான் புரிந்தது. சீட்டில் 'காலை 1, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குக் காலை என்றால் 3.30 மணி. கட்டன் சாயாவோடு மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வெட்டி, பால் எடுத்து, ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் ஊற்றிவிட்டு, மரச்சீனிக் கிழங்கோ கஞ்சியோ சாப்பிட உட்காரும்போது மணி 10. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை போட்டால் சாப்பாடு உடனே பின்னால் வரவேண்டும். ஆறு மணி நேரம் கழித்து வந்தால் சர்க்கரை இறங்கிவிடும்.

போனில் மாத்திரை நினைவூட்டும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. நான் போட்டுப் பார்த்ததெல்லாம் காலை 8 மணி என்றே தொடங்கின. அதனால்தான் நானே ஒன்று செய்ய இறங்கினேன்.

முதல் மாதம் கணினியைத் தொடவில்லை. சங்கத் திண்ணையில் வெட்டுக்காரர்கள் 11 பேரோடு உட்கார்ந்தேன். அட்டைப்பெட்டியைப் போன் அளவுக்கு வெட்டி, மேலே காகிதம் ஒட்டி, 'இதுதான் போன், எங்கே அமுக்குவீர்கள்?' என்று கேட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1970-களிலேயே ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொழிற்சங்கங்கள், கணினி வேலைக்களத்துக்கு வருகிறதென்றால் அதை வடிவமைக்கும்போது தொழிலாளியும் கூட உட்கார வேண்டும் என்று கேட்டு வாங்கின. 1981-ல் தொடங்கிய உட்டோபியா என்ற திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்கள் அட்டையால் மாதிரி செய்து வைத்துத்தான் பேசினார்கள்.

திண்ணையில் கிடைத்தது எதுவும் என் தலையில் உதித்திருக்காது. ஒரு அக்கா சொன்னார்: "பால் காஞ்ச விரலைப் போன் வாங்காது பிள்ளே, கவுத்து வெச்சா நிக்குத மாதிரி செய்." இப்போது போனைக் கவிழ்த்தால் அலாரம் நிற்கிறது. இன்னொருவர், மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்று 8 மணிக்கே சாப்பாடு என்றார். அதனால் முந்தின நாள் இரவு ஆப் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: 'நாளைக்கு வெட்டு உண்டா?' உண்டு என்றால் மாத்திரை மணி சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடும். நேரத்தை இப்படி வைக்கலாமா என்று ஒவ்வொருவரும் தம் டாக்டரிடம் கேட்டு வந்த பிறகுதான் போட்டுக் கொடுத்தேன். குரலும் அவர்களுடையதுதான். 'மருந்து குடிச்சாச்சா?' என்று ஒரு வெட்டுக்கார அக்கா பேசிக் கொடுத்தார்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். ஆப் வேலை செய்கிறது. 11 பேர் 40 பேராகிவிட்டார்கள். மாதம் 49 ரூபாய் வைத்தால் எடுப்பீர்களா என்று கேட்டேன். "நல்ல காரியமாக்கும், எடுப்போம்" என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தபோது கட்டியது மூன்றே பேர். சென்னையில் ஒரு முதலீட்டாளரிடம் போனேன். பிப்ரவரி, மார்ச்சில் பயன்பாடு ஏன் விழுந்திருக்கிறது என்று கேட்டார். இலை உதிர்ந்து தளிர்க்கும் காலம், வெட்டு நிறுத்தியிருப்பார்கள், அதனால் இரவுக் கேள்வி தேவைப்படாது என்றேன். அப்படியானால் இது ஒரு மாவட்டத்துக்கான பொருள், எங்களுக்குச் சரிவராது என்று முடித்துவிட்டார்.

சர்வர் செலவு என் சம்பளத்திலிருந்து போகிறது. நிறுத்த மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

தக்கலை மருந்துக்கடை எழுதியது:

தம்பி, படித்ததும் மனசு நிறைந்தது. மருந்துக்கடையில் 22 வருடமாக நிற்கிறேன். மாத்திரை தீர்ந்து நாலு நாள் கழித்து வருகிறவர்கள்தான் பாதிப்பேர். உங்கள் ஆப்பில் மாத்திரை எண்ணிக்கை இருக்கும்தானே? தீர ஐந்து நாள் இருக்கும்போது என் கடைக்கு ஒரு செய்தி வந்தால் நான் எடுத்து வைத்துவிடுவேன், பையன் கொண்டுபோய்க் கொடுப்பான். அதற்கு மாதம் ஒரு தொகை தர நான் தயார். இந்த வட்டாரத்தில் என்னை மாதிரி இருபது கடையாவது சேரும். வெட்டுக்காரரிடம் ஒரு பைசா வாங்க வேண்டாம்.

செவிலி அக்கா எழுதியது:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மருந்துக்கடை அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். உங்கள் 40 பேரில் எத்தனை பேர் கடையில் மாத்திரை வாங்குகிறார்கள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதை வாங்குகிறவருக்குக் கடையிலிருந்து 'மாத்திரை எடுத்து வைத்திருக்கிறோம்' என்று போன் வந்தால், இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்குவார். மரியாதைக்காகவே வாங்குவார். நம் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். அரசு மாத்திரை டெண்டர் மாறும்போது அட்டையும் மாறும், சில சமயம் மாத்திரையின் நிறமே மாறிவிடும். மருந்து அதேதான். ஒரு பாட்டி வெள்ளை மாத்திரையையும் புதிதாக வந்ததையும் சேர்த்தே போட்டுக்கொண்டு வந்தார், இரண்டும் மெட்ஃபார்மின் என்ற ஒரே சுகர் மருந்து. உங்கள் ஆப்பில் இதற்கு வழி இருக்கிறதா? இருந்தால் நான் முதல் ஆளாக நாலு பேருக்குச் சொல்வேன்.

அருமனைக்காரன் எழுதியது:

அக்கா, இருக்கிறது. ஐந்தாவது திண்ணைக் கூட்டத்தில் ஒருவர் 'நிறம் மாறிப் போச்சு' என்று அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். மாத்திரைப் படத்தை நான் உள்ளே வைத்திருந்ததை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இப்போது புது அட்டை வந்ததும் அவர்களே படம் எடுக்கிறார்கள், பழைய படம் மறைந்துவிடும். எந்தப் படம் எந்த வேளைக்கு என்பதை வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரோ வீட்டில் படித்த பிள்ளையோ ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.

கடைகள் பற்றி நீங்கள் சொன்னது சரிதான் என்று படுகிறது. ஆனால் அண்ணன் சொன்னதை முழுதாகத் தள்ளவும் மனசில்லை. இதுவரை காசு தருகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பெங்களூர்வாழ் குமரிக்காரன் எழுதியது:

மருத்துவ மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பொருள் மேலாளராக இருக்கிறேன், சொந்த ஊர் கருங்கல் பக்கம். உங்களுக்கு நடந்தது உலகம் முழுக்க நடப்பதுதான். பயன்படுத்துகிறவர் ஒருவர், பரிந்துரைக்கிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் வேறொருவர். சோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, உடல்நல ஆப்புக்கு உண்டு. நீங்கள் முதல் ஆளை மட்டும் திண்ணையில் உட்கார வைத்தீர்கள். மற்ற இருவரும் உங்கள் பொருளைப் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவில் பேர் தெரப்யூடிக்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. போதைப் பழக்கத்துக்கான அவர்களுடைய ஆப்புக்கு 2017-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. சோதனை நடத்திப் பலனைக் காட்டியிருந்தார்கள், டாக்டர்களும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் போதுமான அளவுக்குக் காசு தரவில்லை. 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டார்கள். ஜெர்மனியில் அரசே வழி போட்டது. 2019-ல் சட்டம் கொண்டுவந்து, 2020-லிருந்து டாக்டர் சில ஆப்களை மருந்து மாதிரி எழுதிக் கொடுக்கலாம், பொதுக் காப்பீடு அதற்குக் காசு தரும் என்று ஆக்கினார்கள். முழுச் சான்று கையில் இல்லாத ஆப்பைத் தற்காலிகமாகப் பட்டியலில் சேர்த்து, ஒரு வருடத்துக்குள் பலனை நிரூபிக்கச் சொல்கிறார்கள். இங்கே அப்படி ஒரு வழி இல்லை. அதனால் காசு கொடுக்கும் ஆளை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும், அந்த ஆளையும் வடிவமைப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலீட்டாளர் சொன்னதற்கு ஒரு பதில் உண்டு. உங்கள் பொருளின் சாரம் ரப்பர் இல்லை. 'காலை' என்பது எல்லோருக்கும் 8 மணி இல்லை, சாப்பாட்டு நேரத்தை வேலைதான் தீர்மானிக்கிறது என்பதுதான் சாரம். நைட் ஷிப்ட் நர்ஸ், விடிகாலை பஸ் எடுக்கிற டிரைவர், ஸ்பின்னிங் மில்லில் முறை மாறி வேலை செய்கிறவர் என்று எல்லோருக்கும் இதே பிரச்சினைதான். இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. அதில் 8 மணிக்குச் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

தூத்தூர்ப் பெண் எழுதியது:

நான் கடற்கரைக்காரி. எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார்கள். என் அண்ணனுக்குப் பிரஷர். ஒருமுறை 30 நாளைக்கு மாத்திரை கொண்டுபோனான், படகு திரும்ப 41 நாள் ஆனது. கடைசிப் பதினோரு நாளும் மாத்திரை இல்லை. அதனால் எனக்கு வேண்டியது அலாரம் இல்லை. கிளம்புவதற்கு முன் 'எத்தனை நாள் கடலுக்கு, கையில் எத்தனை மாத்திரை, கூட எத்தனை வேண்டும்' என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கரையைத் தாண்டினால் டவர் கிடையாது, அதனால் நெட் இல்லாமல் வேலை செய்ய வேண்டும்.

பெங்களூர் அண்ணன் சொன்னது மாதிரி எல்லோருக்கும் ஒரே சாரம் என்றால் சந்தோஷம்தான். ஆனால் எங்களோடும் வந்து உட்காருங்கள். மலையில் செய்ததைக் கொண்டுவந்து கடற்கரையில் விரித்தால் ஆகாது.

அருமனைக்காரன் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் அக்கா. நெட் இல்லாமல் ஓடும், மலையடிவாரத்திலும் டவர் அப்படித்தான். பயணக் கணக்கு மட்டும் சேர்க்க வேண்டும்.

சட்டம் படித்தவன் எழுதியது:

இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, 2020 ஏப்ரல் முதல் நோயைக் கண்டறிய, கண்காணிக்க, சிகிச்சையளிக்க என்று செய்யப்படும் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் அதற்குப் பொருந்தும். டாக்டர் சொன்ன நேரத்தை ஞாபகப்படுத்துவது வேறு. சர்க்கரை அளவை வாங்கிக்கொண்டு 'இன்று பாதி போடுங்கள்' என்று சொல்வது வேறு. இரண்டாவதைத் தொட்டால் உரிமம், தரச் சான்று என்று பெரிய வேலை. பெரிய சந்தைக்கு ஆசைப்பட்டுத் தெரியாமல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடாதீர்கள். விளம்பரத்திலும் கவனம் வேண்டும். சர்க்கரையைக் குணமாக்கும் என்ற தொனியில் ஒரு வரி வந்தாலும் இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் வருடச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இரண்டு, கடைக்குத் தகவல் போவது பற்றி. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காகத் தகவல் வாங்குகிறீர்கள் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். மாத்திரை ஞாபகத்துக்காக வாங்கியதைக் கடைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எளிதாக நிறுத்தவும் வழி இருக்க வேண்டும்.

தக்கலை மருந்துக்கடை எழுதியது:

செவிலி அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கடையில் வாங்குகிறவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவர்களே எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்கட்டும். என் கடைதான் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு யோசனை: என் கடைக்கு வெட்டுக்காரர்கள் மட்டும் வருவதில்லை. மாதாமாதம் துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் பிள்ளைகள் போன் போட்டு, 'அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிடுங்கள் அண்ணா, நான் அனுப்பிவிடுகிறேன்' என்பார்கள். ஐந்து நிமிடத்தில் கூகுள் பேயில் பணம் வந்துவிடும். காசு கொடுக்கும் ஆள் அங்கே இருக்கிறார், தம்பி.

அருமனைக்காரன் எழுதியது:

அண்ணன் கடைசியில் எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டணம் கட்டிய அந்த மூன்று பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் கட்டியது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். இத்தனை நாளும் அதை நான் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

மறுநாளே ஒரு திரை வரைந்துவிட்டேன். அம்மா மாத்திரை போட்டதும் மகன் போனில் பச்சை விளக்கு, போடாவிட்டால் சிவப்பு. சவுதியில் இருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பினேன், 'இதற்கு மாதம் 200 ரூபாய்கூடக் கொடுக்கலாம்' என்றார்கள். சந்தை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே திரையை அட்டையில் ஒட்டித் திண்ணைக்குக் கொண்டுபோனேன். குரல் கொடுத்த அக்கா வாங்கிப் பார்த்தார். சிவப்பு விளக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எனக்க மவன் அங்க கெடந்து விசாரப்படுவான் பிள்ளே. ஒரு நாளு மறந்து போனா, அவன் அங்க வேலையிலே நிக்கும்ப இது செவப்பா எரியுமா? வேண்டாம்." பக்கத்தில் இருந்தவர், அவர் மகன் அனுப்பும் காசைப் பற்றிப் பேசினார். மாத்திரை போடவில்லை என்று தெரிந்தால் வெட்டுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிடுவான், கையில் சொந்தக் காசு இல்லாமல் போய்விடும் என்றார். அவர் போனே அந்த மகன் வாங்கிக் கொடுத்ததுதான்.

அந்தச் சிவப்பு விளக்கோடு நான் விற்றிருந்தால் பிள்ளைகள் வாங்கியிருப்பார்கள், அம்மாக்கள் ஒரு மாதத்தில் ஆப்பை அழித்திருப்பார்கள். அல்லது போடாமலேயே போட்டேன் என்று அமுக்கியிருப்பார்கள், அது இன்னும் ஆபத்து.

அங்கேயே அட்டையைக் கிழித்து, திரும்ப வரைந்தோம். மகனுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அம்மா தீர்மானிப்பார். தினமும் எதுவும் போகாது. வாரம் ஒருமுறை, அம்மா அமுக்கினால் மட்டும், அவர் குரலிலேயே ஒரு செய்தி போகும். மாத்திரை தீரப் போகிறது என்றால் மட்டும் தானாகப் போகும். அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "அது அவனுக்குத் தெரியட்டும், அவன்தானே வாங்கித் தாறான்."

செவிலி அக்கா எழுதியது:

படித்துவிட்டுக் கண் கலங்கியது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளை வெளிநாட்டில் இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள். கட்டுகிறவர் இல்லாத வீட்டில்தான் என் நோயாளிகள் அதிகம்.

அருமனைக்காரன் எழுதியது:

விடவில்லை அக்கா. அலாரம், இரவுக் கேள்வி, படம் மூன்றும் என்றைக்கும் இலவசம். குரல் செய்திக்கு மட்டும்தான் கட்டணம், அது பிள்ளையிடம். தோட்ட நிர்வாகத்திடமும் ஒருமுறை பேசப் போகிறேன். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே மருத்துவ வசதி செய்து கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு. சிறு விவசாயிகளிடம் வெட்டுகிறவர்களுக்கு அது பொருந்தாது, அவர்களுக்கு உற்பத்தியாளர் சங்கம்தான்.

பெங்களூர்வாழ் குமரிக்காரன் எழுதியது:

200 ரூபாய் தருகிறேன் என்றவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அதை எடுத்த பிறகும் தருவார்களா என்று உடனே கேளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம், முதல் மாதப் பணத்தை வாங்கிக்கொண்டு கேளுங்கள். முன்பு 'எடுப்போம்' என்று சொன்னவர்கள் எத்தனை பேர் கட்டினார்கள் என்று பார்த்துவிட்டீர்களே. இன்னொன்று, பிளே ஸ்டோரில் தனிநபர் கணக்கில் புதிதாக ஆப் போட 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் கூகுள் கணக்கே தெரியாது, மொபைல் கடைக்காரர் போட்டுக் கொடுத்ததாக இருக்கும். இப்போதே பார்த்து வையுங்கள்.

தூத்தூர்ப் பெண் எழுதியது:

குரல் மாற்றவும் வசதி வையுங்கள். எங்கள் அண்ணன் படகில் எங்கள் அம்மா குரல் கேட்டால் மாத்திரை போடுவான்.

அருமனைக்காரன் எழுதியது:

நல்ல யோசனை அக்கா, வைக்கிறேன்.

கணக்கு: சவுதிக்காரர்கள் இருவரிடமும் புதுத் திரையைக் காட்டினேன். ஒருவர் முதல் மாதம் 100 ரூபாய் அனுப்பிவிட்டார். இன்னொருவர், தினமும் தெரியாவிட்டால் வேண்டாம் என்றார். அவர் அம்மாவிடம் பேசிவிட்டு மறுபடி சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் மாத்திரை போடும் அம்மாவோ அப்பாவோ உள்ளவர்கள் இந்த இழையைப் படித்தால், வருகிற வெள்ளிக்கிழமை நம் நேரம் இரவு 8 மணிக்கு, சவுதியில் மாலை 5.30, வீடியோ அழைப்பில் வாருங்கள். சங்கத் திண்ணையிலிருந்து அந்த அக்காவும் இன்னும் நாலு பேரும் பேசுவார்கள். அட்டையைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டுகிறேன். வர விரும்புகிறவர்கள் தனிச் செய்தியில் சொல்லுங்கள், இணைப்பு அனுப்புகிறேன்.